மருந்தில்லா நோயும் மாசற்ற நீரும்

நரம்புச் சிலந்தி என்னும் வியாதியின் பெயரையே இன்றைய இளைஞர் பலர் அறியார். நமது தேசத்துக் கிராமங்களில் ஏழை உழவர்களை வாரக்கணக்கில் படுக்கையிற் கிடத்திய கொடிய நோய் அது. அதற்கு இன்றளவும் மருந்தில்லை, தடுப்பூசியுமில்லை. ஆயினும் 1996-ஆம் வருஷத்தில் ராஜஸ்தானத்திற் கண்ட நோயாளிக்குப் பின் இந்தியாவில் ஒருவருக்கேனும் அந்நோய் கண்டதாகப் பதிவில்லை. 2000-ஆம் வருஷத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் நமது தேசத்தை அதனின்றும் விடுபட்டதெனப் பிரகடனம் செய்தது.

இஃது எங்ஙனம் நிகழ்ந்தது? அந்நோய்க்கு உறைவிடமாயிருந்தது படிக்கிணறு. அதிலுள்ள மிகச் சிறிய நீர்ப்பூச்சியின் வயிற்றில் புழுவின் குஞ்சு தங்கும். அந்நீரைக் குடித்தவன் உடலில் அது ஓராண்டு வளர்ந்து, ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுள்ள புழுவாகிப் பெரும்பாலும் காலைத் துளைத்து வெளிவரும். எரிச்சல் தாளாமல் அவன் காலைக் கிணற்று நீரில் நனைப்பான். உடனே ஆயிரமாயிரம் குஞ்சுகள் நீரிற் கலக்கும். ஊரார் அதனையே மொண்டு குடிப்பர். இச்சங்கிலியை அறுப்பதற்கே 1983-84-இல் தேசிய இயக்கம் தொடங்கிற்று. படிக்கிணறுகள் இறைகிணறுகளாயின, கைப்பம்புகள் போடப்பட்டன, குடிநீர் துணியில் வடிகட்டப்பட்டது, நோயாளிகள் நீரில் இறங்காதபடி தடுக்கப்பட்டனர். வேறு மந்திரம் யாதுமில்லை.

மருந்தில்லா நோய் ஒழிந்தது. மருந்துள்ள யானைக்காலும் கொக்கிப்புழுவும் இன்னும் ஒழிந்தபாடில்லை! காரணம் யாது? மாத்திரை வயிற்றிலுள்ள புழுவைப் போக்கும்; மலங்கலந்த மண்ணைச் சுத்தி செய்யாது. அம்மண்ணை வெறுங்காலால் மிதிக்கும் குழந்தையை அப்புழு மறுபடியும் பற்றும். யானைக்காலைப் பரப்பும் கொசுவோ சாக்கடையிலும் தேங்கிய அழுக்கு நீரிலும் பெருகுகின்றது. மாத்திரை வேண்டாமென்று நாம் கூறவில்லை. அதைக் கொடுத்ததோடு கடமை தீர்ந்ததெனக் கருதுவதே பிழை என்கிறோம்.

கழிப்பிடம் கட்டித் திறப்பு விழா நடத்தினாற் போதாது. அங்கே தண்ணீர் வரவேண்டும். குழாய் கடைவீதியோடு நின்றுவிடலாகாது. ஊர்க்கோடிக் குடிசை வரை செல்லவேண்டும். ஒருவன் கால் பட்ட நீரால் ஊர் முழுதும் நோயுற்ற கதையை மறந்தோமானால் நம்மைப் போன்ற மூடர் இல்லை.

பொதுவாழ்வில் ஈடுபட்ட அன்பர்களுக்கு நமது விண்ணப்பம் ஒன்றே. உங்கள் நகரசபையும் பஞ்சாயத்தும் சாக்கடைக்கும் குடிநீருக்கும் ஒதுக்கிய பணம் எவ்வளவு, செலவான பணம் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் வரும்வரை விடாது கேளுங்கள். ஆயிரம் மேடை முழக்கங்களினும் அக்கேள்வி ஒன்றே மேலான தேசத்தொண்டாகும்.