ஆறும் புண்ணும் மார்பின் இறுக்கமும்

கண்டி நகருக்கு வடக்கே, மகாவலி கங்கையை அணைத்துக் கிடக்கும் ஊர் கட்டுகஸ்தோட்டை. ஆற்றங்கரை ஊரிலே பிறந்த பிள்ளைக்கு நீராட அழைப்பு வேண்டுவதில்லை. ஆயினும், கூட்டாளிகள் யாவரும் நீரிற் குதித்திருக்க, மேற்சட்டையைக் கழற்றக் கூசிக் கரையிலேயே அமர்ந்திருக்கும் இளைஞனும் உண்டு. அவன் மார்பு பெண்ணின் மார்புபோல் பருத்திருப்பதே காரணம். இதை அவன் தாயிடமும் சொல்லான்.

ஆணின் மார்பிலும் சிறிதளவு பாற்சுரப்பி இழையம் இயற்கையாகவே உண்டு. குமரப் பருவத்தில் ஓமோன்களின் சமநிலை மாறும்போது அது வளரலாம். பெரும்பாலோர்க்கு 6 மாதம் முதல் 2 ஆண்டுக்குள் தானே அடங்கிவிடும். சில மருந்துகளும் ஈரல் நோயும்கூட இதனை உண்டாக்குவதுண்டு. அடங்காது நிலைத்துவிட்டால் சத்திரசிகிச்சையே வழி. இது புதிய வைத்தியமுமன்று. 7ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க வைத்தியர் ஏஜினாத் தீவின் பவுல், பிறைவடிவில் கீறி மிகையான இழையத்தை அகற்றும் முறையை எழுதிவைத்தார். இக்காலத்தில் கொழுப்பைக் குழாயால் உறிஞ்சியெடுத்து, முலைக்காம்பைச் சூழ்ந்த கருவட்டத்தின் விளிம்பிலே சிறிதாகக் கீறிச் சுரப்பியை வெளியேற்றுகின்றனர்.

தொல்லை அதன் பின்னரே தொடங்குகின்றது. சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பியவன் கண்ணாடியின்முன் நின்று திடுக்கிடுகின்றான். மார்பு முன்னிலும் பருத்துத் தோன்றுகின்றது! அவ்வீக்கம் சற்றே வற்றும் மூன்றாம் கிழமையளவில் காம்பின்கீழ் பாக்குப்போல் ஒரு கட்டி தட்டுப்படுகின்றது. சுரப்பி மீண்டும் முளைத்துவிட்டதென அஞ்சுகின்றான். ஒருவர் எண்ணெய் தேய்க்கச் சொல்கின்றார். இன்னொருவர் சுடுநீர் ஒத்தடம் என்கின்றார்.

உண்மையில் நிகழ்வது வேறு. வெட்டுண்ட இடத்துக்குக் குருதி மிகுதியாகப் பாய்வதாலும், நுண்குழாய்களிலிருந்து நீர் கசிவதாலும், நிணநீர் செல்லும் வழிகள் சில அறுந்திருப்பதாலும் முதலிற் பிறப்பது வீக்கம். பின்னர் வருவது இறுக்கம். சுரப்பி இருந்த இடம் வெறும் பையாக நிற்க, அதன் இரு சுவர்களையும் ஒட்டவைக்கும் கொலாஜன் என்னும் நார்ப்பொருளை உடற்கலங்கள் அவசர அவசரமாக நெய்கின்றன. அவசரத்தில் நெய்தது ஒழுங்கற்றும் தடித்தும் இருக்கும். அதனைப் பிரித்து ஒழுங்காக மீண்டும் நெய்ய, பல மாதங்கள், சிலர்க்கு ஓராண்டும் செல்லும். இறுக்கம் தளர்வது அப்போதுதான்.

தழும்பு செத்த பொருளன்று என்பதற்குப் பழைய கடற்பயணம் ஒன்று சான்று. 1740இல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட ஆன்சன் என்பாரின் கப்பற்படையில், விற்றமின் சீ இன்மையால் வரும் ஸ்கேவி நோய் பரவிற்று. 1690ஆம் ஆண்டுப் போரிற் காயமுற்று, ஏறக்குறைய 50 ஆண்டுகளுக்கு முன்னரே ஆறிப்போன ஒரு மாலுமியின் புண்கள் அந்நோயால் மீண்டும் வாய்திறந்தன. அந்த விற்றமின் இன்றேல் கொலாஜன் செம்மையாக உருவாகாது. ஆறிய தழும்பிலும் பிரித்தலும் நெய்தலும் ஓய்வதில்லை. நோயாளியின் தட்டிலே பருப்பு, முட்டை, மீனுடன் கொய்யாவோ நெல்லியோ இருத்தல் நன்று.

இறுக்கமான உட்சட்டையைப் பெரும்பாலும் 4 முதல் 6 கிழமை வரை அணியச் சொல்வர். வெக்கையான பகல்களில் அது பெருந்தொல்லை. இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றித் துவைத்து உடுத்தலாம். மூட்டை தூக்குதல் கூடாது. கண்டிக்குச் செல்லும் பஸ் வண்டியில் மேற்கம்பியைப் பற்றித் தொங்குதலும் ஆரம்பத்தில் ஆகாது. தேய்த்துவிடுதல் பயன் தரலாம், ஆனால் வைத்தியர் நாள் குறித்த பின்னரே. ஒத்தடமோ ஆபத்தானது: மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது, வெந்த பின்னரே தெரியவரும். புகையிலையும் குருதிக் குழாய்களைச் சுருக்கிப் புண் ஆறுவதைத் தடுக்கும்.

பொறுமை எல்லாவற்றுக்கும் பொருந்தாது. முதல் ஓரிரு நாளில் ஒரு பக்கம் மாத்திரம் திடீரெனப் புடைத்து, விம்மி வலித்தால் உள்ளே குருதி பெருகுகின்றதெனக் கொள்ளல் வேண்டும். நள்ளிரவாயினும் முச்சக்கர வண்டி பிடித்து வைத்தியசாலைக்கு விரைவதே தகும். காய்ச்சல், பரவும் செம்மை, சீழ் ஆகியனவும் அத்தகையனவே. அழுத்தினால் நீர்ப்பை போலத் ததும்பும் வீக்கத்தை ஊசியால் வடிக்கலாம். வீட்டில் பிதுக்குதல் கூடாது. மாதங்கள் பல கழிந்தபின் புதிதாகக் கட்டி தோன்றினாலோ, காம்பிலிருந்து குருதி கசிந்தாலோ சோதனை அவசியம். மார்பகப் புற்றுநோயாளருள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் ஆண்.

ஏனைய இறுக்கத்துக்கு மறு சத்திரசிகிச்சை வேண்டுமோ என்பதை நிபுணர்கள் பொதுவாக 6 மாதம் கழியுமுன் தீர்மானிப்பதில்லை. அப்போது செல்பவர், அகற்றிய இழையத்தை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்த அறிக்கை இருப்பின் அதனைக் கையோடு கொண்டுசெல்லல் வேண்டும்.