வழக்குரை காதையில் எதிர்ப்பின் அளவுகோல்

அதிகார எதிர்ப்பு அரசமைப்பையே மறுப்பதாக எப்போதும் அமைவதில்லை என்பதற்குச் சிலப்பதிகாரம் சான்றாகும். பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்ற பாண்டியன், கோவலனைக் கொல்லப் பணித்தான். வழக்குரைக்க வந்த கண்ணகி, தன் ஊரை அறிவிக்கையில் புறாவின் துயர் தீர்த்த சோழனையும், பசுவின் கண்ணீர் கண்டு தன் மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனையும் முன்னிறுத்துகிறாள். இவ்வாறு அரசமரபே அரசனை அளக்கும் கோலாகிறது. அரசியின் சிலம்பிலுள்ள பரல் முத்து. உடைத்த சிலம்பிலிருந்து தெறித்ததோ மாணிக்கம். தவறுணர்ந்த மன்னன் உயிர்விடுகிறான்.

வழக்கு வென்ற பின்னும் மதுரை எரிகிறது. எனினும், வஞ்சினமாலையில் அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் முதலியோரை விலக்கித் தீயோரையே பற்றுமாறு அவள் தீக்கடவுளை ஏவுகிறாள். மன்னன் கைவிட்ட பகுத்தாயும் கடமையை, அவனை எதிர்த்தவளின் சினம் கைவிடவில்லை.