பொறியியல் கல்லூரியில் சேர்க்கும் முன்: என்.பி.ஏ. அங்கீகாரம் என்பது என்ன?

பொறியியல் கவுன்சிலிங் காலம் வந்துவிட்டால் கல்லூரி விளம்பரங்களில் நாக், என்.பி.ஏ. என்ற இரண்டு பெயர்களும் பெரிய எழுத்தில் வரும். இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணிப் பணத்தைக் கட்டும் பெற்றோர் நம்மில் அதிகம். நாக் என்பது கல்லூரி முழுமைக்குமான மதிப்பீடு. தேசிய அங்கீகார வாரியம் எனும் என்.பி.ஏ. தருவதோ தனித்தனிப் பாடப்பிரிவுக்கு. ஒரே கல்லூரியில் மெக்கானிக்கலுக்கு அது இருக்கும், சிவிலுக்கு இருக்காது.

இந்த வேறுபாடு என்ன பாடுபடுத்தும் என்பதை 2018ல் குவைத்தில் இருந்த நம் சகோதரர்கள் அறிவார்கள். பொறியாளர் பதவியில் இகாமா புதுப்பிக்க, குவைத் பொறியாளர் சங்கத்தின் தடையில்லாச் சான்று கட்டாயம் என்று அந்நாடு அறிவித்தது. சங்கமோ என்.பி.ஏ. அங்கீகாரம் உள்ள பட்டங்களையே ஏற்றது. பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களும் சிக்கிக்கொண்டார்கள். என்.பி.ஏ. தொடங்கப்பட்டதே 1994ல்தான், அதற்கு முன் படித்தவர் எங்கே போவார்? அந்த விதி நியாயமற்றது என்பதே நமது கருத்து. ஆனாலும் அது பலருடைய வேலையை ஆட்டிப்பார்த்தது.

என்.பி.ஏ. எதைப் பார்த்து அங்கீகாரம் தருகிறது? 'விளைவு சார்ந்த கல்வி' என்ற அளவுகோலைத்தான். ஆசிரியர் எவ்வளவு நடத்தினார் என்பதைவிட, முடிவில் மாணவரால் என்ன செய்ய முடிகிறது என்பதே அதில் கேள்வி. ஹிஃப்ழு வகுப்பில் உஸ்தாத் எத்தனை பக்கம் சொல்லிக்கொடுத்தார் என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளை பார்க்காமல் ஓதுகிறானா என்றுதானே கேட்கிறோம்!

ஒவ்வொரு பாடத்துக்கும் சில இலக்குகளை முன்பே எழுதி வைக்கிறார்கள். உதாரணமாக, 'ஒரு உத்திரம் எவ்வளவு சுமை தாங்கும் என்று மாணவர் கணக்கிடுவார்' என்று இருக்கும். பிள்ளையின் வினாத்தாளை வாங்கிப் பாருங்கள். கேள்விக்குப் பக்கத்தில் சி.ஓ.1, கே2 என்று அச்சிட்டிருக்கலாம். முதலாவது எந்த இலக்கு என்பதையும், இரண்டாவது மனப்பாடமா, புரிதலா, பயன்படுத்தலா என்ற படிநிலையையும் காட்டும். பெஞ்சமின் ப்ளூம் என்ற அமெரிக்கக் கல்வியாளர் குழு 1956ல் வகுத்த படிநிலைகளே இதற்கு அடிப்படை. மதிப்பெண்களை இலக்கு வாரியாகக் கூட்டி, எதில் மாணவர்கள் பின்தங்கினார்களோ அதைக் கற்பிக்கும் முறையை அடுத்த ஆண்டு மாற்ற வேண்டும். கூட்டாக வேலை செய்வது, தொழில் நேர்மை, பேச்சு, எழுத்து ஆகியவையும் அளக்கப்பட வேண்டியவை.

இது ஏட்டளவில் நின்றுவிடும் கல்லூரிகளும் உண்டு. குழு ஆய்வுக்கு வரும் நேரத்தில் ஆசிரியர்கள் வகுப்பை விட்டுவிட்டுக் கோப்பு தயாரிப்பார்கள். வினாத்தாள் முழுக்க கே1, கே2 மட்டுமே இருந்தால், மனப்பாடத்துக்கே புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

வெளிநாட்டு ஆசை இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் மதிப்பதற்கான வாஷிங்டன் உடன்படிக்கை 1989ல் உருவானது. 2014 ஜூனில் இந்தியா முழு உறுப்பினரானது. ஆனால் என்.பி.ஏ.வின் 'டயர் 1' பாடப்பிரிவுகளுக்கு மட்டுமே அது பொருந்தும். பல்கலைக்கழகத்துடன் இணைந்த, தன்னாட்சி இல்லாத கல்லூரிகள் 'டயர் 2'வில் வரும். அங்கீகாரம் உண்டு, உடன்படிக்கையின் பலன் இல்லை.

அங்கீகாரத்துக்குக் காலவரம்பும் உண்டு. புதிய பாடப்பிரிவு என்றால் இரண்டு பேட்ச் படித்து முடித்த பிறகே விண்ணப்பிக்கவே முடியும். எனவே கல்லூரி அலுவலகத்தில் பாடப்பிரிவின் பெயர், டயர், எந்த ஆண்டு வரை என்ற மூன்றையும் கேட்டு, என்.பி.ஏ. இணையதளப் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே முன்பணம் கட்டுங்கள்.