தீக்குப் பின் தளிர்க்கும் காடு

அறுகம்பே என்னும் பெயரைக் கேட்டதும் அறுகம்புல் நினைவுக்கு வரும். அறுகுபோல் வேரோடுக என வாழ்த்துதல் நம்மவர் வழக்கு. மேலே கருகினும் நிலத்தடியில் அழியாதிருக்கும் அப்புல்லின் இயல்பு, காட்டுத் தீயினின்று தாவரங்கள் மீளும் வகையை அறிதற்கு முதற் பாடமாகும்.

கச்சான் காற்று வீசும் கோடையில் அம்பாறை மாவட்டம் முழுதும் வறண்டுவிடும். அக்காலத்திலே கரையோரத்தைவிட்டு மேற்கே உள்நாடு செல்வோர், 1954 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட கல்லோயாப் பகுதியிலும் அதனையடுத்த நீலகலைக் காட்டிலும், மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் புல்வெளிகளைக் காண்பர். இவ்வெளிகள் அடிக்கடி தீப்பற்றுவன. மின்னலால் மூளும் தீ இங்கு மிக அரிது. மந்தைக்கு இளம்புல் வேண்டியும் வேட்டையின் பொருட்டும் மனிதர் இட்ட தீயே பெரும்பாலும் பரவுகின்றது.

இங்கு வளரும் மானாப் புல்லும் இலுக்கும் தம் வளர்முனைகளை மண்ணையொட்டியோ மண்ணுக்குள்ளோ கொண்டுள்ளன. மண் வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஆதலால், மேலே தழல் எரியினும் சில அங்குல ஆழத்தில் வெப்பநிலை சிறிதே உயரும். சாம்பரிலுள்ள பொற்றாசியம், கல்சியம் முதலியன மண்ணிற் சேர, அடுத்த மழையோடு புதுப்புல் விரைந்தெழும். ஆயினும் நைதரசனிற் பெரும்பகுதி புகையோடு போய்விடுகின்றது.

மரங்களுக்குக் காப்பு அவற்றின் பட்டையே. ஏறத்தாழ 60 பாகை செல்சியசு வெப்பத்தில் உயிர்க்கலங்கள் விரைவில் இறந்துபடும். பட்டையின் தடிப்பு இரு மடங்காயின், அவ்வெப்பம் உள்ளிருக்கும் மாறிழையத்தை அடைதற்கு வேண்டிய நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். கிளைகள் கருகினும், பட்டையின் கீழும் அடிமரத்திலும் உறங்கிக் கிடக்கும் அரும்புகள் விழித்துத் தளிர்க்கும். அவுத்திரேலியாவின் யூக்கலித்தசு மரங்கள் மீள்வதும் இவ்வாறே.

இவ்வெளிகளில் நிலைத்து நிற்பவை கடுக்காய், தான்றி, நெல்லி, வேங்கை முதலிய மரங்களாம். இவற்றுள் முதல் மூன்றின் காய்களே வைத்தியர் போற்றும் திரிபலை. நம் மருந்துப் பெட்டியிலுள்ள அம்முக்காய்கள் தீயோடு பழகிய மரங்களின் கொடை என்பது வியத்தற்குரியது.

எனினும், தீயைத் தாங்கும் மரம் ஆண்டுதோறும் தீயை விரும்புகின்றது எனக் கொள்ளுதல் தவறு. முதுமரத்துக்குத் தடித்த பட்டை உண்டு. நாற்றுக்கு அது இல்லை. கருகிய நாற்று வேரினின்று மீண்டும் துளிர்க்கலாம். அது உயர்ந்து பட்டை தடிக்குமுன் மறுபடி தீ வருமாயின், என்றும் புல்லின் உயரத்திலேயே நின்றுவிடும். அவ்வாறு பல்லாண்டு நிகழின், முதுமரங்கள் வீழ்ந்தபின் அவற்றின் இடத்தை நிரப்ப இளமரங்கள் இரா. பாலையும் வீரையும் செறிந்த லகுகலை, குமண முதலிய பசுங்காடுகளோ தீக்குப் பழகாதவை. அங்கே தீ புகுந்தால் மீட்சி மிகத் தாமதமாகும்.

ஆகவே, தீயின் கொடுமையை மட்டுமன்றி, இரு தீக்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளையும் நாம் எண்ணுதல் வேண்டும். ஒரு நாற்று மரமாதற்குரிய அவகாசத்தை அளிப்பின், எஞ்சியதைக் காடு தானே செய்துகொள்ளும்.