குளவிக் கூடும் குடியிருப்பும்

ஆளில்லாத வீட்டில் முதலில் குடியேறுபவை பாம்பும் வௌவாலும் குளவியுமே. இடம்பெயர்ந்து வாழ்ந்த எமது மக்களுக்கு இதை எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்கள் உடுவில், சுன்னாகம், மல்லாகம் பகுதிகளில் உறவினர் வளவுகளிலும் நலன்புரி நிலையங்களிலும் பல ஆண்டுகள் தங்கின. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதுமே பெயர்ந்தது. 1996 இல் உடுவிலுக்குத் திரும்பியவர்களையும், பின்னர் காணி விடுவிக்கப்பட்டபோது வடக்கே திரும்பியவர்களையும் வரவேற்றவை கூரையற்ற சுவர்களும் பற்றைகளுமே. கிளுவை வேலியிலும், பனை வட்டிலும், கிணற்றுக் கட்டின் இடுக்கிலும், கிடுகுத் தாவாரத்திலும் குளவிகள் கூடு கட்டியிருந்தன. வளவைத் துப்புரவாக்கும் அவசரத்தில் நாம் முதலில் கைவைப்பதும் இந்த இடங்களில்தான்.

எல்லாக் குளவியும் ஒன்றல்ல. சுவரில் மண்ணால் கூடு கட்டும் வேட்டுவன் குளவி தனித்து வாழ்வது. அது புழுவைக் கொட்டி மயக்கி, தன் முட்டையோடு மண்ணறைக்குள் வைத்து மூடிவிடும். குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று எம் முன்னோர் சொல்வர். உண்மையில் முட்டையிலிருந்து வரும் குளவிக்குஞ்சுக்கு அப்புழுவே உணவாகின்றது. இக்குளவி தன் கூட்டைக் காக்கத் திரண்டு வருவதில்லை; கையால் பிடித்தாலன்றிக் கொட்டுவதும் அரிது. நீரிறைக்கும் இயந்திரத்தின் குழாய்களை மண்ணால் அடைத்துவிடுவதே அதனால் வரும் தொல்லை. வேலை முடிந்ததும் குழாய் வாய்களைத் துணியால் கட்டிவிட்டால் போதும்.

இரண்டாவது வகை, தாவாரத்தின் கீழும் கதவு நிலையிலும் மூடியில்லாத சிறு அடையாகக் கூடு கட்டுவது. மூன்றாவதே ஆபத்தானது. உடல் கறுப்பாகவும் வயிற்றின் முன்பாகம் அகன்ற செம்மஞ்சள் பட்டையாகவும் இருக்கும் பெரிய குளவி இது. மரநாரை மென்று உமிழ்நீருடன் குழைத்து, கடதாசி போன்ற உறையால் மூடிய பெரிய கூட்டைக் கட்டும். அதனுள் நூற்றுக்கணக்கான குளவிகள் இருக்கலாம். தேனீ மனிதரைக் கொட்டினால் கொடுக்கை இழந்து இறந்துவிடும். குளவியோ மீண்டும் மீண்டும் கொட்டும். நசுக்கப்பட்ட குளவியின் நஞ்சிலிருந்து எழும் வாசனை ஏனையவற்றையும் அழைத்துவரும். சீனாவின் சான்சி மாகாணத்தில் 2013 இல் இத்தகைய பெருங்குளவிகள் கொட்டி 40க்கு மேற்பட்டோர் இறந்தனர்.

அப்படியாயின் கண்ட கூட்டையெல்லாம் அழித்துவிடலாமா? தோட்டக்காரர் சற்று நிதானிக்க வேண்டும். கத்தரி, மிளகாய், புகையிலைச் செய்கைகளைத் தின்னும் புழுக்களைக் குளவி இரையாக்குகின்றது. கூலி கேட்காமல் புழுப் பொறுக்கும் வேலையாள் அது. ஆள் நடமாட்டமில்லாத பனந்தோப்பின் உச்சியில் இருக்கும் கூட்டை விட்டுவிடுவதே அறிவு. வீட்டு வாசல், கிணற்றடி, மலசலகூடம், பாடசாலைப் பாதை, கடைத்தெரு ஆகிய இடங்களில் உள்ள கூட்டையே அகற்ற வேண்டும். சுன்னாகம் போன்ற சந்தைகளில் பழமும் கருப்பட்டியும் விற்போர் அழுகிய பழங்களைத் திறந்து வைக்காது அன்றாடம் அப்புறப்படுத்தினால் குளவி வரத்துப் பெருமளவு குறையும்.

அகற்றுவது எப்படி? கூடு தொடங்கும்போது அதில் ஓரிரு குளவிகளே இருக்கும். ஆகவே வாரம் ஒருமுறை தாவாரத்தையும் வேலியையும் பார்த்து வருவது நல்லது. சிறிய திறந்த அடையாயின், இருட்டியபின், உடலை முழுவதும் மூடிக்கொண்டு, சவர்க்கார நீரைத் தெளித்துக் குளவிகள் விழுந்தபின் அடையை எடுத்துவிடலாம். உறை மூடிய பெரிய கூட்டை வீட்டார் தொடலாகாது. அதில் அனுபவமுள்ளவரையே அழைக்க வேண்டும். தனியாள் செலவு ஏற்க முடியாவிடில் அயலவர் பகிர்ந்துகொள்ளலாம். கூடு ஒருவரின் வளவில் இருந்தாலும் ஆபத்து ஒழுங்கை முழுவதற்குமே. சிறுவர் கல்லெறியாதவாறு பெற்றோர் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

சூள் கொளுத்திக் கூட்டை எரிக்கும் வழக்கம் எம்மிடம் உண்டு. கிடுகுக் கொட்டிலும் பனையோலை வேலியும் நெருங்கிய இடத்தில் இது குடியிருப்பையே எரித்துவிடும். மீளக் கையளிக்கப்பட்ட காணிகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பற்றைக்கு இடும் தீ, மண்ணில் கிடக்கும் வெடிபொருளை வெடிக்கச் செய்யலாம். கண்ணிவெடி அகற்றியதாக உறுதிப்படுத்தப்படாத காணியில் கூடு தேடிப் போகவும் வேண்டாம், தீ வைக்கவும் வேண்டாம். குளவி துரத்தினாலும் துப்புரவு செய்யப்பட்ட பாதை வழியே ஓடுங்கள்.

குளவி கலைந்துவிட்டால் கையை வீசி அடிக்காது, சால்வையாலோ சாரத்தாலோ முகத்தை மூடியபடி விரைந்து வீட்டுக்குள் சென்று கதவைச் சாத்துங்கள். கிணற்றில் குதிக்க வேண்டாம். குளவி மேலே சுற்றி நிற்கும், எமது கிணறுகளோ ஆழமானவை.

ஓரிரண்டு கொட்டு மட்டுமாயின், மோதிரம், காப்பு முதலியவற்றைக் கழற்றி, சவர்க்காரமிட்டுக் கழுவி, குளிர்ந்த துணியை வைத்தால் வலி தணியும். ஆனால் முகம், நாக்கு வீங்குதல், மூச்சுத் திணறல், உடலெங்கும் தடிப்பு, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அது உயிராபத்து. சிலருக்கு ஒரே கொட்டும் இதைச் செய்யும். சுண்ணாம்பு பூசிக் காத்திருக்கும் நேரமல்ல அது. நோயாளியைப் படுக்க வைத்து, மூச்சுத் திணறினால் சாய்ந்திருக்க விட்டு, உடனே 1990 என்ற இலக்கத்தில் இலவச நோயாளர் காவு வண்டியை அழையுங்கள். அதிரினலின் ஊசியே அப்போது உயிர் காக்கும் மருந்து. அது வைத்தியசாலையில் உண்டு.

பல குளவிகள் கொட்டியவர் தேறியவர் போல் தெரிந்தாலும் வைத்தியசாலைக்குப் போகவே வேண்டும். நஞ்சு தசையையும் இரத்த அணுக்களையும் சிதைத்து, மணித்தியாலங்கள் அல்லது நாட்கள் கழித்துச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். சிறுநீர் குறைந்தாலோ தேநீர் நிறமானாலோ அதுவே எச்சரிக்கை.

இழந்த வளவுக்குத் திரும்பும் குடும்பம் ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டித் துப்புரவாக்கிவிட விரும்புவது இயல்பு. ஆயினும் கத்தியை எடுக்குமுன் ஒருமுறை வளவைச் சுற்றி நின்று, குளவிகள் எங்கிருந்து வந்து எங்கு போகின்றன என்று பாருங்கள். கூடு உள்ள இடத்தை அயலவருக்கும் பிள்ளைகளுக்கும் காட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அரைமணி நேரம் பிந்துவதால் காணி எங்கும் போய்விடாது.