தோலாவா, பத்து கிராமா?

தில்லி சாந்தினி சௌக்கில் தங்க மொத்த வியாபாரம் நடக்கும் கூச்சா மகாஜனியிலும், நகைக் கடைகள் வரிசை கட்டி நிற்கும் தரீபா கலானிலும் தராசுகள் எலெக்ட்ரானிக் மயமாகிவிட்டன. அவை காட்டுவது கிராம். ஆனால் பேச்சில் இன்னும் தோலாதான். வில்லங்கமும் அங்கேதான்.

பிரிட்டிஷ் ஆட்சியில் 1833-ல் வரையறுக்கப்பட்ட தோலாவின் எடை 180 கிரெயின். அதாவது 11.66 கிராம். வெள்ளி ரூபாய் நாணயத்தின் எடையும் அதுவே. அதைவிடப் பழைய கணக்கில் ஒரு தோலாவுக்கு 12 மாஷா. ஒரு மாஷாவுக்கு 8 ரத்தி. ரத்தி என்பது வேறொன்றுமில்லை, நம்மூர்க் குன்றிமணிதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்ட 1956-ல் சட்டம் வந்தது. 1958 அக்டோபர் முதல் கிலோவும் கிராமும் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. நாட்டின் எடைக்கெல்லாம் ஆதாரமான பிளாட்டினம்-இரிடியம் கிலோ, 57-ம் எண் பிரதி, இருப்பதும் தில்லியில்தான்: தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில். 2019 மே 20 முதல் உலோகக் கட்டிக்குப் பதிலாக பிளாங்க் மாறிலியே கிலோவின் இலக்கணமாகிவிட்டது.

சட்டம் மாறியும் தோலா சாகவில்லை, எடை இளைத்தது. 'ஒரு தோலா' என்று பேச்சுவழக்கில் சொல்லும்போது பலர் மனதில் இருப்பது வெறும் 10 கிராம். பாட்டி காலத்து ரசீதில் '10 தோலா' என்றிருந்தால் அது 116.64 கிராம். புதுக் கணக்கில் 100 கிராம்தான். பாகப்பிரிவினையிலோ கல்யாணப் பேச்சிலோ எந்தத் தோலா என்று கேட்காமல் தலையாட்டினால் போவது 16 கிராமுக்கு மேல். நம்மூர்க் கணக்கில் முழுசாக இரண்டு பவுன்!

பவுனிலும் சின்ன வித்தியாசம் உண்டு. பிரிட்டிஷ் சவரன் நாணயம் 7.988 கிராம். தமிழ்நாட்டு நகைக் கடைகளில் அது 8 கிராம். ஆனால் இங்கே வித்தியாசம் கிராமில் நூறில் ஒரு பங்கை ஒட்டியதுதான்.

பெரிய பள்ளம் அவுன்ஸில். உலகச் சந்தையில் தங்கத்தின் விலை அவுன்ஸுக்கு இத்தனை டாலர் என்று அறிவிக்கப்படுகிறது. அது டிராய் அவுன்ஸ், 31.10 கிராம். அமெரிக்காவில் மளிகைக் கடையில் புழங்கும் அவுன்ஸோ 28.35 கிராம். 100 கிராம் தங்கத்தை டிராய் கணக்கில் போட்டால் 3.215 அவுன்ஸ், மளிகைக் கணக்கில் 3.527. இரண்டையும் குழப்பிக்கொண்டால் விலையில் கிட்டத்தட்ட பத்து சதவீதம் பிசகும்.

டிராய் அவுன்ஸுக்கும் தோலாவுக்கும் மட்டும் கச்சிதமான உறவு. எட்டு தோலா சேர்ந்தால் சரியாக மூன்று அவுன்ஸ். ஒரு காலத்தில் கடத்தல்காரர்களின் செல்லப் பிள்ளையாக இருந்த பத்து தோலா பிஸ்கட் 3.75 அவுன்ஸ்.

2009-ம் வருட சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, மெட்ரிக் அல்லாத அளவில் விலை சொல்லவே கூடாது. வாங்குபவர் செய்ய வேண்டியது எளிது. பேச்சு தோலாவில் நடக்கட்டும். ரசீதில் கிராம் இருக்கட்டும், தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்களோடு.