அளவுகோலும் பிழை செய்யும்

ஒரே விடைத்தாளை ஆசிரியர் இருவர் திருத்தினால் புள்ளிகள் வேறுபடுதலை நாம் அறிவோம். ஆசிரியர் மனிதர், கருவிகளோ பொய் கூறா என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். ஆய்வுகூடமும் தவறாகப் புள்ளியிடக் கூடும் என்பதற்கு, டி.என்.ஏ. சிதைவை அளந்தோர் பெற்ற அனுபவம் தக்க சான்றாகும்.

நமது உடற் கலங்களின் கருவினுள்ளே பரம்பரை இயல்புகளைத் தாங்கும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை உண்டு. கதிர்வீச்சும், நச்சுப் பொருள்களும், உடலுள் ஒட்சிசன் விளைக்கும் தாக்கமும் அதனைச் சிதைப்பன. கலங்கள் அச்சிதைவிற் பெரும்பகுதியைத் தாமே செப்பனிடுகின்றன. எஞ்சியது புற்றுநோய்க்கு வித்தாகலாம். ஆதலின், புதியதொரு மருந்து தீங்கற்றதா எனத் துணிவதற்கு இவ்வளவீடு பெரிதும் வேண்டப்படுகின்றது. அளவு பிழைத்தால் தீயது நல்லதாகவும், நல்லது தீயதாகவும் தீர்ப்புப் பெறும்.

டி.என்.ஏ.யின் நான்கு மூலங்களுள் ஒன்றாகிய குவானின், எளிதில் ஒட்சியேற்றம் அடைவது. அவ்வாறு சிதைந்த குவானினைக் கணக்கிட்ட ஆய்வுகூடங்கள் தந்த எண்கள் நூறு மடங்கிற்கு மேலும் வேறுபட்டன. இக்குழப்பத்தைத் தீர்க்க 1997ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆய்வாளர் குழுவொன்று தோன்றி, ஒரே மாதிரியைப் பல ஆய்வுகூடங்களுக்கும் அனுப்பி ஒப்புநோக்கிற்று. டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து, வெப்பமூட்டிப் பதப்படுத்தும் வேளையிலேயே புதிய ஒட்சியேற்றம் நிகழ்ந்தமை தெளிவாயிற்று. அளக்கும் செயலே அளக்கப்படும் பொருளைப் பெருக்கிவிட்டது!

மற்றொரு முறை வால்வெள்ளிச் சோதனையாகும். 1984ஆம் ஆண்டில் ஒஸ்ட்லிங், யோகான்சன் என்போர் இதனை வகுத்தனர். 1988இல் சிங் என்பாரும் துணைவரும் மிகுந்த கார நிலையிற் செய்யும் முறையை வெளியிட்டனர். அகரோசுக் கூழிற் பதித்த கலங்களின் மென்சவ்வைக் கரைத்து மின்னைச் செலுத்தினால், முறிந்த இழைகள் நேர்முனையை நோக்கி நீண்டு வால்போலத் தோன்றும். வாலிலுள்ள டி.என்.ஏ. மிகுந்தால் முறிவும் மிகுதி. ஆயினும் கூழின் செறிவு, காரத்தில் ஊறும் நேரம், மின்னழுத்தம் என்பன சிறிது மாறினாலும் வாலின் அளவு மாறும்.

இதற்குப் பரிகாரம் யாது? அளவறிந்த கதிர்வீச்சுக்கு உட்படுத்திய கலங்களையும், சிதைவு குறைந்த கலங்களையும் ஒவ்வொரு முறையும் உடன்வைத்துச் சோதித்தல் ஒன்று. 2014ஆம் ஆண்டில் வெளிவந்த பன்னாட்டு வழிகாட்டி, மாதிரி ஒன்றுக்குக் குறைந்தது 150 கலங்களை நோக்குமாறும், கண்ணாடித் தகடுகளுக்குக் குறியீடு இடுமாறும் பணிக்கின்றது. தகடு எவருடையதென நோக்குவோர் அறியார். பரீட்சையிற் பெயரை மறைத்துச் சுட்டெண் இடும் நம் வழக்கமும் இதுவே அன்றோ? செய்முறையின் எவ்விபரங்களை வெளியிடவேண்டும் என்பதையும் ஆய்வாளர் பலர் கூடி 2020இல் வரையறுத்தனர்.

மாணவர்காள்! ஓர் எண்ணை ஏற்குமுன், அது பெறப்பட்ட வழியை வினவுங்கள். தன் கைப்பிழையைத் தானே தேடும் நேர்மையே விஞ்ஞானத்தின் உயிர்நாடி.